பல டிஸ்ட்ரோ பார்த்தவர்களுக்கு: எது எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது?

#1 குரோம்பேட்டை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. அதிலிருந்து “லினக்ஸில் எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகை) போடலாம்?” என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. பதிலாகக் கிடைப்பது வெறும் பெயர்கள். பெயரை வைத்துக்கொண்டு புதிதாக வருபவர் என்ன செய்வார்?

இந்த இழையில் வேறு வழியில் போவோம். பல டிஸ்ட்ரோக்களை வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எந்த டிஸ்ட்ரோ எந்த இடத்தில் காலை வாரும், காரணம் என்ன, எப்படிச் சரிசெய்வது, இதை மட்டும் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். படிப்பவர் தன் கணினியில் செய்து பார்க்கும்படி இருந்தால் போதும்.

என் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன். மெனு, ஐகான், வால்பேப்பர் எல்லாம் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளக்கூடியவை. டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ உண்மையில் மாறுவது புதுப்பிப்பு வரும் விதம்தான். யார் சோதித்து அனுப்புகிறார்கள், எத்தனை வருடம் அனுப்புவார்கள், நடுவில் அறுந்தால் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னைக்கு இதில் நல்ல வரலாறு உண்டு. கணினி இதழ்களோடு வந்த சிடி, ஐஐடி மெட்ராஸில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடிய லினக்ஸ் பயனர் குழு, 2011 வரை உபுண்டு தபாலில் இலவசமாக அனுப்பிய வட்டு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று லினக்ஸ் இங்கே பல வழியில் கைக்கு வந்தது. முயன்று பார்த்தவர்கள் ஏராளம். பார்த்ததைத் தமிழில் எழுதி வைத்தது குறைவு.

#2 முனையம்

பழசிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய சிக்கல் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2003-இல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9 வரை, ஆர்பிஎம் கோப்புகளை (ரெட் ஹாட் வகையின் நிறுவல் கோப்பு) நாமே தேடி இறக்க வேண்டும். ஆர்பிஎம் கருவிக்கு “இந்த நூலகம் இல்லை” என்று சொல்லத் தெரியும், போய் எடுத்துவரத் தெரியாது. ஒரு வீடியோ பிளேயருக்கு ஐந்து நூலகம் (பல மென்பொருள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்கோப்பு) கேட்கும். அந்த ஐந்தில் ஒன்று வேறு பதிப்பு ஜிலிப்சி (அடிப்படை நூலகம்) கேட்கும். அந்த இடத்தில் ‘நோடெப்ஸ்’ என்று கொடுத்துத் திணித்தால் அப்போதைக்கு ஓடும், அடுத்த மென்பொருள் நிறுவும்போது எல்லாம் சேர்ந்து படுக்கும். அதே 2003 நவம்பரில் ஃபெடோரா கோர் 1, தேவையான நூலகங்களையும் தானே எடுத்துவரும் ‘யம்’ கருவியோடு வந்த பிறகுதான் அந்தப் பக்கம் மூச்சு வந்தது. டெபியனில் அதே வேலையைச் செய்யும் ஆப்ட் 1999-லேயே, 2.1 பதிப்பில் வந்துவிட்டது.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். இன்றைக்கும் ஏதோ ஒரு தளத்திலிருந்து டெப் கோப்பை இறக்கி நிறுவுவதும், நாலு பிபிஏ (உபுண்டுவுக்கான வெளியார் களஞ்சியம்) சேர்ப்பதும் அதே வியாதிதான். டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்துக்கு (மென்பொருள் கிடங்கு) வெளியிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு தொகுப்பும் (நிறுவல் கோப்பு) அடுத்த பெரிய மேம்படுத்தலில் ஒரு முட்டுக்கட்டை.

ஸ்லாக்வேர் 1993-இலிருந்து இருக்கிறது, 15.0 பதிப்பு 2022 பிப்ரவரியில் வந்தது. அதன் தொகுப்புக் கருவி இன்றும் சார்புகளை (ஒரு தொகுப்புக்குத் தேவையான மற்ற தொகுப்புகளை) பார்க்காது. அதனால்தான் முழு நிறுவலைப் பரிந்துரைக்கிறார்கள். ‘இடம் மிச்சம்’ என்று தொகுப்புகளைப் பொறுக்கி நிறுவுபவருக்குத்தான் அது உடையும். முழுதாகப் போட்டவருக்கு அசையாமல் நிற்கும்.

வன்பொருள் பக்கம் ஒரு வார்த்தை. டயல்-அப் காலத்தில் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்த உள்மோடம்கள் பெரும்பாலும் வின்மோடம் வகை. மோடம் செய்ய வேண்டிய வேலையை விண்டோஸ் டிரைவர் செய்யும், அட்டையில் பாதி மூளைதான் இருக்கும். சீரியல் போர்ட்டில் செருகும் வெளிமோடம் எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடியது. இன்று அந்த இடத்தில் வைஃபை அட்டை உட்கார்ந்திருக்கிறது. டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் முன் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) ஏற்றி, முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரம்) ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ கொடுங்கள். வைஃபை வரிக்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று வந்தால் சரி. அந்த வரியே இல்லையென்றால் டிஸ்ட்ரோவைக் குறை சொல்லாதீர்கள், அந்தக் கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர் இல்லை என்று பொருள். புதிய கர்னல் உள்ள டிஸ்ட்ரோவைப் பாருங்கள், அல்லது அட்டையை மாற்றுங்கள்.

#3 கிண்டி64

டெபியனைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அழிக்காமல் பத்து வருடத்துக்கு மேல் ஒரே நிறுவலை மேம்படுத்திக்கொண்டே போகக்கூடியது அது. ஆனால் நடைமுறையை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும்.

டெபியன் 12-இலிருந்து 13-க்கு (2025 ஆகஸ்ட் 9 வெளியீடு) போவதை எடுத்துக்கொள்வோம். 11-இலிருந்து நேராக 13-க்குத் தாவக்கூடாது, நடுவில் 12 கட்டாயம். முதலில் 12-ஐ முழுக்கப் புதுப்பியுங்கள். வெளிக் களஞ்சியம் எல்லாவற்றையும் முடக்குங்கள். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’ கொடுத்து, பூட்டி வைத்த தொகுப்பு ஏதும் இருந்தால் விடுவியுங்கள். அதன் பிறகு களஞ்சியக் கோப்பில் ‘புக்வொர்ம்’ (12-இன் பெயர்) என்று இருக்கும் இடமெல்லாம் ‘ட்ரிக்ஸி’ (13-இன் பெயர்) என்று மாற்றுங்கள். அடுத்து ‘ஆப்ட் அப்டேட்’. அடுத்த படியைத்தான் பலர் விடுகிறார்கள்: ‘ஆப்ட் அப்கிரேட்’ கட்டளையை ‘வித்அவுட்-நியூ-பிகேஜிஸ்’ விருப்பத்தோடு ஓட்டி, புதுத் தொகுப்பு எதுவும் சேர்க்காமல் ஏற்கெனவே இருப்பவற்றை மட்டும் ஏற்ற வேண்டும். அது முடிந்த பிறகே ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’. நேராகக் கடைசிப் படிக்குப் போனால் சார்புச் சிக்கலைத் தீர்க்கிறேன் என்று ஆப்ட் டெஸ்க்டாப்பையே நீக்கப் பட்டியல் போடும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்துபவர்கள்தான் கறுப்புத் திரையோடு இங்கே வருகிறார்கள்.

13-இல் மூன்று இடம் கவனிக்க வேண்டும். பூட் பகிர்வை (வட்டில் துவக்கக் கோப்புகளுக்கான பிரிவு) தனியாக வைத்திருந்தால் 768 எம்பியாவது இருக்க வேண்டும், அதில் சுமார் 300 எம்பி காலியாக இருக்க வேண்டும். பழைய நிறுவல்களில் 256 எம்பிதான் இருக்கும், இனிட்ராம் என்ற துவக்கக் கோப்பை எழுதும்போது இடமின்றிப் பாதியில் நிற்கும். அடுத்தது, ‘டிஎம்பி’ அடைவு இனி நினைவகத்தில் அமரும், ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி கணினியில் பெரிய ஐஎஸ்ஓவையோ வீடியோவையோ அங்கே கொட்டினால் திணறும். பழையபடி வேண்டுமென்றால் ‘டிஎம்பி.மவுன்ட்’ அலகை ‘சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்’ செய்து ரீபூட். மூன்றாவது, 32-பிட் நிறுவியும் கர்னலும் இனி இல்லை.

12-இலிருந்து அதிகாரப்பூர்வ நிறுவி வட்டிலேயே வைஃபை ஃபர்ம்வேர் இருக்கிறது. “டெபியனில் வைஃபை வராது” என்ற பழைய எச்சரிக்கையை இனியும் சொல்ல வேண்டாம்.

எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து மேம்படுத்துபவர்கள், இணைப்பு போனாலும் வேலையைத் தொடரவிடும் டிமக்ஸ் உள்ளே ஓட்டுங்கள். அது இல்லாமல் இணைப்பு அறுந்தால் பாதி அவிழ்ந்த தொகுப்புகளோடு கணினி நிற்கும். அப்படி நின்றால் முதலில் ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’, பிறகு ‘ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்’.

#4 வேளச்சேரி

கிண்டி சார், மிக உதவியான பதிவு. ஒரு சந்தேகம். ஒரே எஸ்எஸ்டியில் உபுண்டு 24.04, மின்ட் 22 இரண்டும் இருக்கிறது. உபுண்டு புதுப்பித்தால் அதன் கிரப் மெனு (எதில் ஏறுவது என்று துவக்கத்தில் கேட்கும் பட்டியல்) வருகிறது, மின்ட் புதுப்பித்தால் மின்ட்டினுடையது வருகிறது. பயாஸில் வரிசையை மாற்றியும் பலனில்லை, ‘உபுண்டு’ என்று ஒரே ஒரு பெயர்தான் தெரிகிறது. இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே ஹோம் பகிர்வு. ஒன்றில் ஃபயர்ஃபாக்ஸ் திறந்தால் மற்றதில் சில சமயம் ‘பழைய பதிப்பைத் திறக்கிறீர்கள்’ என்று சொல்லிப் புது புரொஃபைல் கேட்கிறது.

#5 குரோம்பேட்டை

தம்பி, முதல் சிக்கலுக்குக் காரணம் எளிது. கணினி முதலில் படிக்கும் இஎஃப்ஐ பகிர்வில் மின்ட்டும் ‘உபுண்டு’ என்ற அடைவில்தான் தன் கிரப்பை வைக்கிறது. உபுண்டு கையொப்பமிட்ட கிரப்பையே அது பயன்படுத்துவதால், அந்தப் பாதை உள்ளேயே பதிந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கோப்பின் மேல் மாறி மாறி எழுதுகிறார்கள்.

அந்த அடைவில் உள்ள ‘கிரப்.சிஎஃப்ஜி’ மூன்றே வரி. முதல் வரியில் ஒரு யுயுஐடி (பகிர்வின் தனி அடையாள எண்) இருக்கும், எந்தப் பகிர்வில் போய் உண்மையான மெனுவைத் தேட வேண்டும் என்பதை அது சொல்கிறது. ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ கொடுத்து, எந்த டிஸ்ட்ரோவின் மெனு வேண்டுமோ அதன் ரூட் பகிர்வின் யுயுஐடியை அங்கே எழுதுங்கள். எழுதும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மற்ற டிஸ்ட்ரோவில் ‘கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64-சைன்டு’, ‘ஷிம்-சைன்டு’ இரண்டையும் ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ செய்யுங்கள்.

மெனுவை ஆளும் டிஸ்ட்ரோவில் மற்றது தெரியவில்லையென்றால் அதற்கும் காரணம் உண்டு. கிரப் 2.06 முதல், மற்ற அமைப்புகளைத் தேடிச் சேர்க்கும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. இடிசி, டிஃபால்ட் அடைவில் உள்ள கிரப் கோப்பில் ‘கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்’ மதிப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள்.

ஹோம் பகிர்வைப் பொதுவாக வைப்பது தவறான யோசனை, இதைத் தெளிவாகவே சொல்கிறேன். ஹோமில் உங்கள் ஆவணங்கள் மட்டும் இல்லை, ஒவ்வொரு மென்பொருளின் அமைப்பும் மறைகோப்பாக இருக்கிறது. புதிய பதிப்பு தன் அமைப்பைப் புது வடிவத்தில் எழுதிவிட்டால் பழைய பதிப்புக்கு அது புரியாது. ஃபயர்ஃபாக்ஸாவது நாகரிகமாகச் சொல்கிறது, டெஸ்க்டாப் மென்பொருள் பல சொல்லாமலே குழம்பும். ஹோம் ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் தனியாக இருக்கட்டும். தரவுக்கென்று ஒரு ஈஎக்ஸ்டி4 பகிர்வு பிரித்து, எஃப்எஸ்டேபில் (பகிர்வுகளை ஏற்றும் பட்டியல் கோப்பு) ‘நோஃபெயில்’ விருப்பத்தோடு ஏற்றி, ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கம் அடைவுகளை மட்டும் அங்கே சிம்லிங்க் செய்யுங்கள்.

#6 கிண்டி64

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை. பகிர்வில் உரிமை பெயரால் பதியாது, எண்ணால் பதியும். இன்றைய டிஸ்ட்ரோக்களில் முதல் பயனர் எண் 1000. ஃபெடோரா 15 வரையும் ரெட் ஹாட் 6 குடும்பத்திலும் அது 500. பழைய வட்டை மாட்டும்போது “என் கோப்பே எனக்குத் திறக்கவில்லை” என்று வருவது இதனால்தான். ‘எல்எஸ் -எல்என்’ எண்ணைக் காட்டும், ‘சௌன் -ஆர்’ (ஆர் பெரிய எழுத்து) கொடுத்து மாற்றலாம்.

ஃபெடோராவும் கலந்திருந்தால் எஸ்இலினக்ஸ் முகச்சீட்டும் (ஃபெடோரா ஒவ்வொரு கோப்பிலும் ஒட்டும் பாதுகாப்பு அடையாளம்) ஒரு தொல்லை. டெபியனோ உபுண்டுவோ எழுதிய கோப்புக்கு அந்தச் சீட்டு இருக்காது. ஃபெடோராவில் உள்நுழையும்போதே திருப்பி அனுப்பும். எஸ்இலினக்ஸை அணைக்கச் சொல்லும் அறிவுரையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ரெஸ்டோர்கான் -ஆர்வி’ ஹோம் மேல் ஓட்டினால் சீட்டு திரும்ப ஒட்டிவிடும்.

#7 ராயபுரம்

ஆர்ச் பற்றி. 2002-இலிருந்து இருக்கிறது, எப்போதும் உருண்டுகொண்டே இருக்கும் (புதுப்பிப்பு ஓயாமல் வரும்), பதிப்பு எண் கிடையாது. “ஆர்ச் தானாக உடையும்” என்பது பாதி உண்மைதான். உடைப்பில் பெரும்பகுதி நான்கைந்து பழக்கங்களால் வருவது.

முதலாவதும் மோசமானதும் பாதிப் புதுப்பிப்பு. ஆர்ச்சின் தொகுப்புக் கருவியில் ‘பேக்மேன் -எஸ்ஒய்’ என்று கொடுத்து ஒரே ஒரு தொகுப்பை மட்டும் நிறுவுவது. பட்டியல் புதிதாகிவிட்டது, உள்ளே இருக்கும் நூலகங்கள் பழையவை. புதுத் தொகுப்பு புது நூலகத்தைத் தேடும், கிடைக்காது. சில சமயம் அந்தத் தொகுப்பு இழுத்துவரும் நூலகம் மற்ற எல்லாவற்றையும் சாய்த்துவிடும். எப்போதும் ‘-எஸ்ஒய்யு’ முழுதாக.

பல மாதம் திறக்காத கணினியில் கையொப்பப் பிழை வரும். சாவிக்கொத்து காலாவதியாகியிருக்கும். ‘ஆர்ச்லினக்ஸ்-கீரிங்’ தொகுப்பை முதலில் ஏற்றி, இடைவெளி விடாமல் முழுப் புதுப்பிப்பைத் தொடர வேண்டும்.

புதுப்பிக்கும் முன் ஆர்ச் முகப்புச் செய்தியைப் படிப்பது கட்டாயம். 2025 ஜூனில் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ தொகுப்பைப் பல துண்டாகப் பிரித்தார்கள். பழையதை வைத்துக்கொண்டு புதுப்பித்தவர்களுக்கு என்விடியா கோப்புகள் “ஏற்கெனவே இருக்கிறது” என்று நின்றது. தீர்வு இரண்டே வரி: ‘பேக்மேன் -ஆர்டிடி லினக்ஸ்-ஃபர்ம்வேர்’, உடனே ‘பேக்மேன் -எஸ்ஒய்யு லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ (எஸ், ஆர் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து). நடுவில் ரீபூட் செய்யக்கூடாது. 2022 ஆகஸ்டில் கிரப் புதுப்பித்தபோது கோப்புகள் மட்டும் மாறி, துவக்கப் பகுதியில் இருந்த கிரப் பழையதாகவே நின்றதால் பல கணினி எழவில்லை. ‘கிரப்-இன்ஸ்டால்’, ‘கிரப்-எம்கேகான்ஃபிக்’ இரண்டையும் சேர்த்து ஓட்டியவர்கள் தப்பினார்கள்.

புதுப்பித்த பிறகு கீபோர்டு, வைஃபை, யுஎஸ்பி எதுவும் வேலை செய்யவில்லையென்றால் ஒரே சந்தேகம்: பூட் பகிர்வு ஏற்றப்படாத நிலையில் கர்னல் புதுப்பிக்கப்பட்டிருக்கும். பழைய கர்னல் எழுகிறது, அதற்குரிய மாட்யூல்கள் அழிந்துவிட்டன. ஆர்ச் ஐஎஸ்ஓவில் ஏறி, ரூட் பகிர்வை எம்என்டியில் ஏற்றுங்கள் (பிடிஆர்எஃப்எஸ் என்றால் சரியான சப்வால்யூமோடு). அதன் உள்ளே பூட் பகிர்வு. பிறகு ‘ஆர்ச்-க்ரூட்’, ‘பேக்மேன் -எஸ் லினக்ஸ்’, ‘எம்கேஇனிட்சிபிஐஓ -பி’ (பி பெரிய எழுத்து). கால் மணி நேர வேலை, மறு நிறுவல் தேவையே இல்லை. கூடவே ‘லினக்ஸ்-எல்டிஎஸ்’ கர்னலையும் எப்போதும் வைத்திருங்கள்.

‘பேக்நியூ’ கோப்புகளை (புதுப்பிப்போடு வரும் புது அமைப்புக் கோப்பு) கவனிக்காமல் விடுவதும் பின்னால் வந்து கடிக்கும். மாதம் ஒருமுறை ‘பேக்டிஃப்’ ஓட்டுங்கள்.

#8 முனையம்

ராயபுரம் சொல்லும் ஒழுங்கு எல்லாம் சரி. ஆனால் அலுவலகக் கணினிக்கோ வீட்டில் வயதானவர்கள் பயன்படுத்தும் கணினிக்கோ உருளும் டிஸ்ட்ரோ போடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2024 மார்ச் 29-இல் வெளிவந்த எக்ஸ்இசட் (கோப்பைச் சுருக்கும் கருவி) விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமானதைத் துருவிப் பார்த்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அதைக் கண்டுபிடித்தார். டெபியன் சோதனைக் கிளை, ஃபெடோரா ராஹைட், டம்பிள்வீட் வரை அது வந்துவிட்டது. டெபியன் 12 நிலைக் கிளையில் இருந்தது 5.4 வரிசை. பழையதாக இருந்ததே காப்பாற்றியது.

#9 ராயபுரம்

ஒத்துக்கொள்கிறேன், ஆர்ச்சிலும் அந்தப் பதிப்பு வந்தது. அங்கே எஸ்எஸ்ஹெச் சேவை அந்த நூலகத்தோடு இணைக்கப்படவில்லை, அதனால் தாக்கும் வழி திறக்கவில்லை. அது அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

உருளும் வகையில் வீட்டுக்குப் பரிந்துரைப்பதென்றால் ஓபன்சூசே டம்பிள்வீட். காரணம் ஸ்னாப்பர். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னும் பின்னும் அது பிடிஆர்எஃப்எஸ் படம் (அந்த நேரத்துக் கணினி நிலையின் நகல்) எடுத்து வைக்கும். உடைந்தால் கிரப் மெனுவில் பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து ஏறுங்கள். எழுதமுடியாத நிலையில்தான் எழும், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘ஸ்னாப்பர் ரோல்பேக்’, ரீபூட். ஹோம் இதில் சேராது, அதனால் உங்கள் கோப்பு பின்னோக்கிப் போகாது.

இதில் தவறும் இடம் மூன்று. ‘சிப்பர் அப்’ கொடுப்பது தவறு, டம்பிள்வீட்டில் ‘சிப்பர் டுப்’ மட்டுமே. ரூட் பகிர்வுக்கு 20 ஜிபி ஒதுக்கினால் படங்களே நிரப்பிவிடும், 40 ஜிபி கொடுங்கள். இடம் பார்க்க ‘டிஎஃப்’ நம்பகமில்லை, ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூஸேஜ்’ பாருங்கள். வீடியோவுக்காகப் பேக்மேன் களஞ்சியம் சேர்த்தவர்களுக்கு (ஆர்ச் கருவி அல்ல, பெயர் மட்டும் ஒன்றுபோல ஒலிக்கும்) அது முக்கியக் களஞ்சியத்தைவிடச் சில நாள் பின்தங்கும்போது முரண் வரும். வலிந்து தீர்க்காமல் இரண்டு நாள் காத்திருந்தால் போதும்.

#10 பெரம்பூர்

மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவும் ஜென்டூ பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மேக்ஆப்ட்ஸ்’ எண்ணை (ஒரே நேரத்தில் ஓடும் தொகுப்பு வேலைகள்) செயலியின் கோர் எண்ணிக்கைக்குச் சமமாக வைக்கச் சொல்வார்கள். ஒரு வேலைக்கு 2 ஜிபி ரேம் என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டில் எது குறைவோ அது. 8 கோர், 8 ஜிபி கணினியில் 4-தான் சரி. இல்லையென்றால் குரோமியம், வெப்கிட் போன்றவை நினைவகமின்றிப் பாதியில் சாகும், பிழைச்செய்தியும் புரியாது.

சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் மடிக்கணினியில் நாலு மணி நேரம் தொகுப்பது வன்பொருளுக்கு நல்லதல்ல. ‘சென்சார்ஸ்’ 90 டிகிரிக்கு மேல் காட்டினால் வேகம் தானாகக் குறைந்து, தொகுக்கும் நேரம் இன்னும் நீளும். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே தொகுத்த பைனரிகளைத் தருகிறது. ‘கெட்பின்பிகேஜி’ வசதியை இயக்கிவிட்டு, யூஸ் கொடிகளை (எந்த வசதி வேண்டும் என்ற தேர்வுகள்) அதிகம் மாற்றாமல் இருந்தால் பெரிய தொகுப்புகள் அப்படியே வரும். மின்சாரம் போய் நின்றால் ‘எமர்ஜ் --ரெஸ்யூம்’.

#11 மயிலை99

தமிழ்த் தட்டச்சுக்காக டிஸ்ட்ரோ மாற்றத் தேவையில்லை, எல்லாவற்றிலும் செய்யலாம். ஆனால் வழி மாறும்.

குனோம் உள்ள டெபியன், உபுண்டுவில் ‘ஐபஸ்-எம்17என்’ (தட்டச்சு உள்ளீட்டுக் கருவி) நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். இந்த வெளியேறலை விட்டுவிட்டுத்தான் “பட்டியலில் தமிழ்99 வரவில்லை” என்கிறார்கள். பிறகு அமைப்புகள், கீபோர்டு, உள்ளீட்டு மூலத்தில் தமிழ், அதில் தமிழ்99. கேடிஈ பிளாஸ்மா வேலாண்டில் ஐபஸைவிட எஃப்சிட்டிஎக்ஸ்5 நன்றாக ஒத்துப்போகிறது. அதையும் அதன் எம்17என் துணையையும் நிறுவிய பிறகு, கணினி அமைப்பில் ‘விர்ச்சுவல் கீபோர்டு’ பகுதிக்குப் போய் எஃப்சிட்டிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே தேர்ந்தெடுக்காமல் சூழல் மாறிகளை மட்டும் எழுதினால் சில மென்பொருளில் வரும், சிலவற்றில் வராது.

குறைந்தபட்ச நிறுவல்களில் தமிழ் எழுத்துரு இருக்காது, கட்டம் கட்டமாகத் தெரியும். டெபியன் வகையில் ‘ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்’ அல்லது ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டாமல்’. இரண்டும் இருந்தால் எது முன்னால் வருகிறது என்பதை ‘எஃப்சி-மேட்ச் :லாங்=டிஏ’ காட்டும். முனையத்தில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் பதறாதீர்கள். அது பல முனைய மென்பொருள்களின் எழுத்துக் கோக்கும் குறை, கோப்பு நலமாகவே இருக்கும். எடிட்டரில் திறந்து பாருங்கள்.

#12 பல்லாவரம்

பழைய கணினிகளுக்கு என்ன செய்யலாம்? 2 ஜிபி, 4 ஜிபி ரேம் உள்ளவை. அரசு மடிக்கணினிகளும் அதில் உண்டு.

#13 குரோம்பேட்டை

முதலில் ‘எல்எஸ்சிபியு’ ஓட்டி, இரண்டாவது வரியில் 64-பிட் என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 32-பிட்டாக இருந்ததால் செயலியும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 64-பிட் என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ 4 ஜிபியில் நன்றாக ஓடும், 2 ஜிபி அதன் அடிமட்டம். 2 ஜிபிக்கு ஆன்டிஎக்ஸ் போடுங்கள், இசட்ராம் (ரேமில் இருப்பதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் வசதி) இயக்குங்கள்.

32-பிட் மட்டும் என்றால் டெபியனில் நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு 12-தான். ஃபயர்ஃபாக்ஸும் 145 முதல் 32-பிட் லினக்ஸுக்கு வருவதில்லை, ஈஎஸ்ஆர் (நீண்ட ஆதரவுப் பதிப்பு) 140 வரிசைதான் மிச்சம். வங்கி வேலைக்கு அந்தக் கணினியை இனி நம்ப வேண்டாம்.

டிஸ்ட்ரோவைவிட அதிகம் மாற்றம் தருவது சாட்டா எஸ்எஸ்டி. ரேம் வாங்கும்போது 4-ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினி முதல் டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட் வகை வேண்டும். சாதா 1.5 வோல்ட் டிடிஆர்3 செருகும், ஆனால் எழாது. ரிச்சி தெருவில் கேட்கும்போது ‘எல்’ சேர்த்துக் கேளுங்கள், வில்லையில் ‘பிசி3எல்’ என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புது நிறுவலில் ஆப்ட் “இந்த ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை” என்றால் களஞ்சியத்தில் கோளாறு இல்லை, கணினித் தேதி பின்னால் இருக்கிறது. மேசைக் கணினியில் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் சரி.

#14 அம்பத்தூர்

சிறு அலுவலக சர்வர் வைத்திருப்பவர்களுக்கு. ரெட் ஹாட்டின் இலவச மாற்றான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பரில் அறிவித்து, 2021 இறுதியோடு முடித்தார்கள். சென்ட்ஓஎஸ் 7-உம் 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. இன்னும் அதை இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மாற்றுங்கள்.

அதற்கு மாற்றான ஆல்மா அல்லது ராக்கி போகும் முன் செயலியைச் சோதியுங்கள். ரெட் ஹாட் 9 குடும்பம் எக்ஸ்86-64-வி2 (செயலியின் வசதி நிலை) கேட்கும், 10 குடும்பம் வி3 கேட்கும். வி3 என்றால் ஏவிஎக்ஸ்2 வேண்டும், இன்டெல்லில் 2013-இன் ஹாஸ்வெல் முதல். 3-ஆம் தலைமுறைக் கணினியில் 10 எழாது. ஆல்மா மட்டும் 10-க்கு வி2 பதிப்பும் தனியாகத் தருகிறது.

#15 கிண்டி64

விண்டோஸோடு சேர்த்து வைப்பவர்கள் தொடர்ந்து கேட்கும் நாலு விஷயத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன்.

கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால்: லினக்ஸ் கணினிக் கடிகாரத்தை யுடிசி என்று எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுத்தால் அடங்கும்.

விண்டோஸ் பகிர்வு படிக்க மட்டும் திறந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணம். விண்டோஸில் ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’. வலிந்து எழுதினால் கோப்பு கெடும்.

நிறுவியில் எஸ்எஸ்டியே தெரியவில்லையென்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி இயங்குகிறது. ஏஹெச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டும், அதனால் விண்டோஸை முதலில் சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் பயாஸைத் தொடவே வேண்டாம்.

2024 ஆகஸ்ட் விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு ‘எஸ்பாட்’ சோதனை தோற்றது என்று சொல்லி லினக்ஸ் எழாமல் போனது பலருக்கு. பழைய ஷிம்மை (செக்யூர் பூட்டில் கிரப்புக்கு முன் ஏறும் கையொப்பமிட்ட துவக்கி) அது தடுத்தது. செக்யூர் பூட்டை அணைத்து லினக்ஸில் ஏறி, ‘மோக்யுடில்’ கொண்டு எஸ்பாட் கொள்கையை ‘டிலீட்’ ஆக்கி, ஷிம்மைப் புதுப்பித்து, ஒருமுறை லினக்ஸில் ஏறிய பிறகு செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கலாம்.

#16 முனையம்

நிறுவும் முன் பென் டிரைவைச் சோதியுங்கள். 64 ஜிபி என்று எழுதி உள்ளே 8 ஜிபி சில்லு உள்ளவை சந்தையில் நிறைய. நிறுவல் 60 சதவீதத்தில் புரியாத பிழையோடு நிற்கும், பழி டிஸ்ட்ரோ மேல் விழும். ‘எஃப்3ரைட்’, ‘எஃப்3ரீட்’ இரண்டையும் ஓட்டினால் உண்மைக் கொள்ளளவு தெரிந்துவிடும்.

ஐஎஸ்ஓவின் ஷா256 மட்டும் ஒப்பிட்டால் போதாது, அந்தத் தொகைக் கோப்பின் ஜிபிஜி கையொப்பத்தையும் பாருங்கள். 2016 பிப்ரவரி 20-இல் மின்ட் தளத்தையே உடைத்து, பின்கதவு வைத்த 17.3 சின்னமன் ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தை உடைத்தவர் அதில் உள்ள தொகையையும் மாற்ற முடியும், கையொப்பத்தை மாற்ற முடியாது.

#17 வேளச்சேரி

குரோம்பேட்டை சார், யுயுஐடி மாற்றியதும் மெனு நிலைத்துவிட்டது, மின்ட் பக்கம் இரண்டு தொகுப்பையும் ஹோல்டு செய்தாயிற்று. தரவுப் பகிர்வும் தனியாகிவிட்டது. மின்ட் 22-ஐ அடுத்த பெரிய பதிப்புக்கு ஏற்றும்போது இந்த ஹோல்டு தடுக்குமா?

#18 கிண்டி64

தடுக்கலாம். ஏற்றும் முன் ‘ஆப்ட்-மார்க் அன்ஹோல்டு’ செய்து, டைம்ஷிஃப்ட் படம் எடுத்து, மேம்படுத்தலை முடியுங்கள். அது கிரப்பை மறுபடி எழுதியிருக்கும். அந்த மூன்று வரிக் கோப்பில் யுயுஐடியை மீண்டும் உபுண்டுவுக்கு மாற்றி, திரும்ப ஹோல்டு போடுங்கள்.